நூறு கடலையில் நாற்பத்தொன்று

ஞாயிறு, மதியம்

கோபமெல்லாம் இல்லை. ஒன்பது நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, கொண்டைக்கடலை. நேற்று போனில் நீ இரண்டு தடவை கேட்டாய், எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியில் வெட்டுவாய், நானும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். இது வெட்டுப்படாமல் உன்னிடம் வந்து சேர வேண்டும்.

அன்பு மகளுக்கு, நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறதாம், கடைக்குப் போகும்போது வலிப்பதில்லை. என் கண்ணாடியை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், மாற்றவில்லை. உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை, எப்படிக் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் எழுதுவாய். சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். மூன்று வேளையும், உட்கார்ந்து.

நீ எழுதியதை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. உங்கள் மருத்துவமனைச் சமையலறைக்குப் பதினெட்டு மூட்டை கடலை வந்தது. கிடங்கு உன் பொறுப்பு. மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் அங்கே வழக்கம். நீ குத்தூசியை மூட்டையின் இடுப்பில் இறக்கி உள்ளே இருந்ததை உருவி ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினாய். ஒரே கைப்பிடியில் இரண்டு நிறம். பாதிக்கு மேல் வெளிர் நிறம், தோல் இழுத்துக் கட்டினாற்போல. மீதி கறுத்துச் சுருங்கி, ஆனாலும் மினுமினுப்பாக. உள்ளங்கையில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை. நேரே மேலாளரிடம் போய், "சார், இந்த மூட்டையில ரெண்டு வயசு இருக்கு" என்றாய். அப்படியானால் கடலைக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வரச் சொல்லலாமா என்று அவர் கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. போன மாதம் வந்த சரக்கு இப்படித்தான் வேகாமல், சமையல்காரர் சோடாவை அள்ளிப் போட, சோப்பு வாடை அடித்து, பல் இல்லாத நோயாளிகளின் வார்டிலிருந்து தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன என்று எழுதியிருந்தாய். மூட்டைகள் இப்போது வராந்தாவில் கிடக்கின்றன. வருகிற வியாழக்கிழமை கூட்டம். உன்னை நிரந்தரம் ஆக்குவதா இந்த மாதத்தோடு வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றைக்குத் தெரியும். அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பேச்சே இல்லை. கடைசி வரியில் கேட்டிருந்தாய், நான் செஞ்சது சரியாம்மா என்று. கூடவே ஒரு சின்னப் பொட்டலம். நூறு கடலை எண்ணிப் போட்டு, இதில் நாற்பது பழசு என்று மேலே எழுதி.

பொட்டலம் வந்த அன்று சாயங்காலமே பெரியப்பாவிடமிருந்து போன். வேலைக்கு உனக்காகச் சொல்லி வைத்தவர் அவர், மேலாளரும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் விஷயம் உன் தபாலுக்கு முன்பே அவரிடம் போய்விட்டிருக்கிறது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக, ஒரு சின்னக் குழந்தைக்கு எடுத்துச் சொல்வது போல, அவ என்ன சொத்தையா எழுதிக் குடுக்கப் போறா, ஒரு கையெழுத்துதானே, நீ ஒரு வார்த்தை சொன்னா கேட்பா என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். உனக்குத் தெரியும், இந்தக் குடும்பத்தில் நான் அவரிடம் பார்க்கிறேன் என்று சொன்னால் அது சரி என்றுதான் பொருள். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் பெண் போட்டுவிடுவாள் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாராம். நாளைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை.

நான் உனக்கு உடனே பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அம்மா என்கிற பாசத்தில் சரி என்று எழுதிவிடக் கூடாது, பெரியப்பா மேல் உள்ள பயத்தில் தப்பு என்றும் எழுதிவிடக் கூடாது. கடலையையே கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் உன் நூறை ஒரு கிண்ணத்திலும், நம் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு நூறு எண்ணி இன்னொரு கிண்ணத்திலும் ஊறப் போட்டேன். அதே தண்ணீர், அதே அளவு. காலையில் இரண்டு பாத்திரத்தில், இரண்டு அடுப்பில், ஒரே தீயில், சோடா இல்லாமல், குக்கர் இல்லாமல், ஒரு மணி நேரம் பத்து நிமிடம். பிறகு ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்து, நசுங்காததைத் தட்டில் ஒதுக்கினேன். உன் நூறில் முப்பத்தெட்டு கல்லாக இருந்தது. நம் வீட்டு நூறில் நாற்பத்தொன்று.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டுக் கடலை போன மாதம்தான் அப்பா வாங்கி வந்தது. புதுசு. அதுவே நாற்பத்தொன்று என்றால் உன் மூட்டையில் குறை ஒன்றும் இல்லை, கடலை என்றால் இப்போதெல்லாம் இப்படித்தான், என் பெண்தான் இல்லாத குறையைத் தேடிக் கண்டுபிடித்து வேலையைத் தொலைக்கப் பார்க்கிறாள். அப்பா உனக்கு எட்டு வயதில் வைத்த பெயரை நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர். தட்டில் விழுந்த எதையும் புரட்டிப் பார்க்காமல் வாயில் வைக்காதவள். அன்று மத்தியானமே உனக்கு இரண்டு பக்கம் எழுதினேன். என்ன எழுதினேன் என்று மறைக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிடு என்று எழுதினேன். கண்ணால் பார்த்து முடிவு செய்வது வேறு, வேக வைத்துப் பார்ப்பது வேறு என்று எழுதினேன். பெரியவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கும் என்றுகூட ஒரு வரி. அழகான கையெழுத்தில். ஞாயிறு என்பதால் தபாலில் போகவில்லை. திங்கள், செவ்வாய் நூலகத்தில் புத்தக இருப்பு எடுக்கிற வேலை, கைப்பையிலேயே கிடந்தது.

புதன்கிழமை அப்பா ஜன்னலோரம் இருந்த இரண்டு தட்டைப் பார்த்துவிட்டு இது என்ன கணக்கு என்று கேட்டார். சொன்னேன். நம் வீட்டுக் கடலையைக் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. இந்த டப்பாவை நான் எப்படிப் பார்த்துக்கறேன்னு உனக்குத் தெரியுமா, ரிட்டையர் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட மட்டம் இறங்க விட்டதில்லை என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. டப்பாவை எடுத்து வந்து காட்டினார். கழுத்துக்கு நான்கு விரல் கீழே ஒரு சிவப்புக் கோடு. நீ விட்டுப்போன நகப்பூச்சில் போட்டது. அந்தக் கோட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன், என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடலை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அப்பா கடைக்குப் போவார். புதுப் பாக்கெட்டை மேலே கொட்டுவார். கொட்டி ஒரு குலுக்குக் குலுக்குவார், நன்றாகச் சேரட்டும் என்று. மூன்று வருடம். ஊருக்குத் தண்ணீர் விடுகிற தொட்டியை முப்பத்தோரு வருடம் பார்த்துக்கொண்ட மனிதர், கோட்டுக்குக் கீழே எது இறங்கினாலும் அவருக்குத் தூக்கம் வராது. தண்ணீருக்கு வயது இல்லை. கடலைக்கு இருக்கிறது.

டப்பாவைச் செய்தித்தாளில் கவிழ்த்தோம். அடியில் மாவு மாதிரித் தூள், செத்த வண்டு நான்கு, ஓட்டை விழுந்த கடலை, பூசணம் இல்லை, ஆனால் பழைய பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை. அள்ளிய கையில் இரண்டு நிறம் இல்லை, நான்கு நிறம் இருந்தது. மூன்று வருடமாகக் கடலை வேகாத ஒவ்வொரு நாளும் நான் குக்கர் ரப்பரைத் திட்டியிருக்கிறேன், குழாய்த் தண்ணீரைத் திட்டியிருக்கிறேன், இரண்டு ரப்பர் மாற்றியிருக்கிறேன். டப்பாவைச் சந்தேகப்பட்டதே இல்லை. அதையும் அடுப்புக்கு நேர் மேல் தட்டில் வைத்திருந்தேன், கைக்கு எட்டும் என்று. தினமும் சூடு, தினமும் ஆவி. அது என் தப்பு, அப்பாவுடையது இல்லை. வேலைக்குப் போகிற இடத்தில் நாளெல்லாம் புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்துகிறவள், என் சமையலறையில் ஒரு டப்பாவிலும் தேதி இல்லை.

 மட்டம் குறையக் கூடாதுன்னுதானே என்று அப்பா ஒரு தடவை சொன்னார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்க ஆரம்பித்தார். மூன்று மணி நேரம். டீ கொண்டுபோய் வைத்தேன், ஆறிப் போயிற்று. கடைசியில் தலையைத் தூக்கி, அந்த வியாபாரியும் என்னை மாதிரித்தானோ, பாவம், காலியாக விடக் கூடாது என்று நிரப்பி நிரப்பி வைத்திருப்பாரோ என்றார். ஒரு நிமிடம் எனக்கும் அப்படி இருக்குமோ என்று இருந்தது. பிறகு நம் வீட்டுக் கடலையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன், உன் பொட்டலத்தின் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். காகிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. என் கையில் தூசிதான் இருந்தது. பழசைப் புதுசாக் காட்ட நீங்க எண்ணெய் தடவலையே என்றேன். அப்பா அதற்கு மேல் அந்த வியாபாரிக்காக வாதாடவில்லை.

வியாழக்கிழமை நம் தெரு மளிகைக் கடையை விட்டு இரண்டு தெரு தள்ளி, சரக்கு வேகமாக விற்றுத் தீர்கிற பெரிய கடைக்குப் போனேன். புது மூட்டையா என்று கேட்டேன், எப்போது வந்தது என்று கேட்டேன், ஒரு கை அள்ளி வெள்ளைக் கைக்குட்டையில் பரப்பிப் பார்த்தேன், முகர்ந்தேன், ஒன்றைக் கடித்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கடலை வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா" என்று கேட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நீ அந்த அறையில் நின்றது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு இருந்தது ஒரு கைக்குட்டையும் ஐந்து பேரும். உனக்குப் பதினெட்டு மூட்டை. என் காது சூடாகிவிட்டது, ஆனாலும் இன்னொன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை அதே பாத்திரம், அதே நேரம். நூறில் மூன்று.

மூன்று, கண்ணு. நல்ல கடலையில் மூன்று. உன்னுடையதில் முப்பத்தெட்டு, நம் வீட்டுக் கலப்படத்தில் நாற்பத்தொன்று. உன் மூட்டையும் அப்பாவின் டப்பாவும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு. அதை நான் நல்லதற்கு அளவுகோலாக வைத்து உன்னை அளந்திருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து நின்றுகொண்டே ஒரு தடவை படித்தேன். கிழித்துவிட்டேன். தபால்பெட்டி என் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில்தான் இருக்கிறது, திங்களும் செவ்வாயும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பஸ்ஸுக்கு நின்றேன். ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை நம்பவில்லை. என் டப்பாவை நம்பினேன். ஒரு வாரம் முழுக்க.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். சரி. நீ செய்தது சரி. நான் அடுப்பு வைத்து, தண்ணீர் அளந்து, மூன்று தடவை வேக வைத்து, ஆறு நாளில் கண்டுபிடித்ததை நீ ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய். நாற்பது என்று எழுதினாய், முப்பத்தெட்டு இருந்தது. அந்த இரண்டும் நான் கொஞ்சம் அதிகமாக வேக வைத்ததால்கூட இருக்கலாம். யாரும் உனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் நிச்சயமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, என் டப்பாவின் லட்சணம் இப்போது உனக்கே தெரியும். நீயாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதைவிட, பார்த்த பிறகு பார்க்காதது போல இருக்காமல் இருந்தாயே, அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடமிருந்து இல்லை. நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். நூலகத்தில் பக்கத்து மேஜைத் தோழியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன், அவள் கேட்காமலே. சொல்லி முடித்தபோது குரல் சத்தமாக இருந்திருக்கிறது, படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமைதி காக்கவும் என்கிற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு. என் பெண் என்று சொல்கிற இடத்தில் மட்டும் குரலைக் குறைக்க முடியவில்லை.

வியாழக்கிழமைக்கு ஒன்றே ஒன்று. என் எண்ணிக்கையை அங்கே காட்டாதே, அம்மா வேக வைத்தாள் என்றால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். உங்கள் சமையலறையிலேயே முதல் நாள் ஊறப் போட்டு அவர்கள் கண் முன்னால் வேக வை. பக்கத்தில் நல்ல கடலை ஒரு நூறு கட்டாயம் இருக்கட்டும், அதை வெளியில் புதிதாக நீயே போய் வாங்கு, யாருடைய டப்பாவிலிருந்தும் எடுக்காதே. நான் விழுந்த குழி அதுதான். மேலாளரையே நசுக்கிப் பார்க்கச் சொல். விரல் பொய் சொல்லாது. இதையெல்லாம் நீ முன்பே யோசித்து வைத்திருப்பாய், தெரியும், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் வீட்டுக்கு வா. உன் அறையில் இஸ்திரி மேஜையைப் போட்டிருக்கிறேன், அதை எடுத்துவிடலாம். அனுப்பிவிட்டார்களே என்று இந்த வீட்டில் யாரும் முகத்தைத் தொங்கப் போட மாட்டோம். அப்பாவிடமும் கேட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் வரட்டும், வந்து மீதி டப்பாக்களையும் பார்க்கட்டும் என்றார். பட்டாணி டப்பாவிலும் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதாம். இன்னும் திறக்கவில்லை, தைரியம் வரவில்லை.

உன் அறையில் என்ன வைத்திருக்கிறாய் என்று தெரியாது, இருந்தாலும் எழுதுகிறேன், இந்த வாரம் எனக்குப் புத்தி வந்த வாரம். கொஞ்சமாக வாங்கு, ஒரு மாதத்துக்கு மட்டும். தீர்ந்த பிறகு டப்பாவைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதற்குப் பிறகு புதியதைப் போடு. மிச்சத்தின் மேல் கொட்டாதே, ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தாலும் அதை முதலில் சமைத்துவிடு. வாங்கிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளேயே போடு. அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னல் வெயில் வேண்டாம், ஃப்ரிட்ஜ் தலை மேலும் வேண்டாம், அங்கே சூடு. கட்டிலுக்கு அடியில் இருட்டாக, காய்ந்த இடமாக, மூடி இறுக்கமாக. டப்பா காலியாகத் தெரிந்தால் தெரியட்டும். காலி டப்பா ஒரு குறை இல்லை என்று அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன், அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, காலி டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறார், மட்டம் கண்ணில் படாமல்.

தலை நிமிர்ந்து போய், தலை நிமிர்ந்தே திரும்பி வா. உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராது, நான் சொல்கிறேன். கூட்டத்துக்கு அந்தச் சாம்பல் நிறச் சட்டையைப் போடாதே, அதில் நீ மெலிந்து தெரிவாய். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. நாளைக் காலை முதல் வேலையாக விரைவுத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமை கிடைத்துவிடும். கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை.

உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்கிற,
அம்மா

உறையை ஒட்டிவிட்டேன், அதனால் இதைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒட்டிய பிறகு பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். நான் பார்த்துவிட்டேன், அவள் கையெழுத்துப் போட மாட்டாள் என்று சொன்னேன்.   அவர்தான் முதலில் போனை வைத்தார்.